தளையறுத்த வழக்கறிஞர்

பிறர் செய்யும் தீமையை எதிர்ப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். தாமே செய்துவந்த ஒன்றைத் தீமை என்று உணர்ந்து, அதனை அடியோடு விட்டொழிப்பதற்கோ அதனினும் மிக்க உரம் வேண்டும். செல்வமும் செல்வாக்கும் சுற்றமும் ஒருபுறம் நிற்க, மனச்சான்று ஒன்றே மறுபுறம் நிற்குமாயின், மக்களுள் பெரும்பாலார் முன்னதன் பக்கமே சாய்வர். பின்னதன் பக்கம் துணிந்து நின்றவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் ஜேம்ஸ் பர்னி. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், பருத்திக் காடுகளின் நடுவே வழக்கறிஞராய் வாழ்ந்த அவர், அடிமைகளின் உடைமையாளராய் வாழ்க்கையைத் தொடங்கினார். அடிமைகளின் உரிமைக்காக வாதாடுபவராய் அதனை முடித்தார். அவ்விரண்டிற்கும் இடையே அவர் கடந்துவந்த வழி மிகவும் நெடியது.

பிறப்பும் இளமையும்

கெண்டக்கி என்னும் நாட்டுப்புறப் பகுதியில் டான்வில் என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் 1792ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4ஆம் நாள் பர்னி பிறந்தார். அவ்வாண்டிலேதான் கெண்டக்கி தனி மாநிலமாயிற்று. அவர் தந்தையார் அயர்லாந்து நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்; வாணிகத்தாலும் நிலத்தாலும் பெருஞ்செல்வம் திரட்டியவர். பர்னி மூன்று வயதுக் குழந்தையாய் இருந்தபோதே அன்னையை இழந்தார். கைம்பெண்ணாகிய அத்தையார் ஒருவர் அவரை வளர்த்தார். அவ்வம்மையார் அடிமை முறையை அறவே வெறுத்தவர்.

தந்தையாரின் நிலையோ வேறு. அடிமை முறை நாட்டிற்குத் தீங்கானது, சட்டத்தால் அஃது ஒழிக்கப்படல் வேண்டும் என்பதே அவர் கருத்து. கெண்டக்கியின் அரசியல் சட்டத்தில் அதற்கு வழி செய்ய முயன்றவருள் அவரும் ஒருவர். அம்முயற்சி கைகூடவில்லை. சட்டம் மாறும்வரை அடிமைகளை வைத்திருத்தலில் தவறில்லை என்று அவர் அமைதி கொண்டார். ஒரே வீட்டில், கூடாது என்னும் சொல்லும், ஆனாலும் இருக்கட்டும் என்னும் செயலும் ஒருங்கே வாழ்ந்தன. அவ்வீட்டின் சூழலில் வளர்ந்த சிறுவனுக்கு, ஏறத்தாழ அவன் வயதினனாகிய மைக்கேல் என்னும் கறுப்பினச் சிறுவன் உடைமையாக வழங்கப்பட்டான். இருவரும் ஒன்றாக விளையாடினர், ஒன்றாக வளர்ந்தனர். ஆயினும் ஒருவன் தலைவன், மற்றவன் அடிமை. அதில் வியப்பதற்கு ஒன்றும் இருப்பதாக அந்நாளில் எவரும் எண்ணவில்லை.

கல்வியும் தொழிலும்

பர்னி லெக்சிங்டன் நகரிலுள்ள டிரான்சில்வேனியாக் கல்லூரியிலும், பின்னர்ப் பிரின்ஸ்டன் கல்லூரியிலும் பயின்று 1810ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அதன்பின் பிலடெல்பியா நகருக்குச் சென்று, அலெக்சாண்டர் டல்லாஸ் என்னும் புகழ்பெற்ற வழக்கறிஞரிடம் சட்டம் கற்றார். அந்நாளில் சட்டம் பயில விரும்புவோர் மூத்த வழக்கறிஞர் ஒருவரை அடுத்து, அவர் நூல்களைப் படித்தும், பத்திரங்களைப் படியெடுத்தும், வழக்கு மன்றத்திற்கு உடன் சென்றும் தொழிலைக் கற்றுத் தேர்வர். அவ்வாறு தேர்ந்த பர்னி, 1814ஆம் ஆண்டில் டான்வில் திரும்பித் தொழில் தொடங்கினார். 1816ஆம் ஆண்டில் அகத்தா மெக்டவல் என்னும் நங்கையை மணந்தார். அவ்வாண்டிலேயே கெண்டக்கிச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அப்போது அவருக்கு அகவை இருபத்து நான்கு.

அந்நாளில் தெற்கு நோக்கி ஒரு பெருங் குடியேற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்தெடுக்கும் எந்திரத்தை எலி விட்னி என்பவர் 1793ஆம் ஆண்டில் அமைத்தார். பலர் கையால் செய்த வேலையை ஓர் எந்திரம் விரைந்து முடித்தது. அதனால் பருத்திப் பயிர் பெருவருவாய் தருவதாயிற்று. புது நிலம் தேடிப் பண்ணையார்கள் தெற்கே சென்றனர். தம்மோடு அடிமைகளையும் கொண்டு சென்றனர். எந்திரம் வந்தால் உழைப்புக் குறையும் என்பது பொது விதி. இங்கோ அந்த எந்திரமே அடிமைகளின் சுமையைப் பெருக்கிவிட்டது. 1790ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஏழு இலட்சமாய் இருந்த அடிமைகளின் தொகை, 1860ஆம் ஆண்டில் ஏறத்தாழ நாற்பது இலட்சமாய் வளர்ந்தது.

பர்னியும் அவ்வெள்ளத்தில் சென்றார். 1818ஆம் ஆண்டில் அலபாமாவின் மாடிசன் வட்டத்தில் பருத்திப் பண்ணை ஒன்றை வாங்கி, கெண்டக்கியிலிருந்து தம் அடிமைகளையும் அழைத்துச் சென்றார். 1819ஆம் ஆண்டில் அலபாமா தனி மாநிலமாயிற்று. அதன் முதற் சட்டமன்றத்தில் பர்னியும் இடம்பெற்றார். அங்கு ஆண்ட்ரூ ஜாக்சன் என்னும் படைத்தலைவருக்கு ஆதரவான தீர்மானம் ஒன்று வந்தது. ஜாக்சன் தென்னாட்டு மக்களின் கண்ணிலுண்ணியாய் விளங்கியவர். ஆயினும் பர்னி அத்தீர்மானத்தை எதிர்த்தார். மக்கள் அதனை மறக்கவில்லை. அவருடைய அரசியல் வாழ்வு அத்துடன் தடைப்பட்டது.

வீழ்ச்சியும் எழுச்சியும்

பண்ணைத் தொழிலும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. பண்ணையார்களின் ஆரவார வாழ்க்கையில் அவர் மயங்கினார், குதிரைப் பந்தயத்தில் பணயம் வைத்துத் தோற்றார், கடன் பெருகிற்று. நற்குடியில் பிறந்து, நல்லாசிரியரிடம் கற்று, இளமையிலேயே மன்றம் ஏறிய ஒருவர், முப்பது வயதில் கடன்காரராய் நின்றார்.

ஆயினும் அவர் தளர்ந்து விழவில்லை. சூதாட்டத்தை விட்டார். 1823ஆம் ஆண்டில் ஹண்ட்ஸ்வில் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்து, கைவிட்ட வழக்கறிஞர் தொழிலை மீண்டும் மேற்கொண்டார். பண்ணையையும் பின்னர் விற்றுவிட்டார்; பண்ணை அடிமைகளும் விலைக்கே போயினர். கடன் தீர்ந்தது, ஆனால் விலைப்பொருளாய்க் கைமாறிய மக்களின் நிலை மாறவில்லை. அதனை அவர் உணர்வதற்கு இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

ஹண்ட்ஸ்வில் பருத்தி வட்டத்தின் நடுவே அமைந்த சிற்றூர். சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறும் பெருஞ்சுனை ஒன்றின் அருகே அவ்வூர் எழுந்தது. அக்காலத்து நாட்டுப்புற வழக்கறிஞரின் வாழ்க்கை எளிதன்று. வழக்கு மன்றம் ஓரிடத்திலேயே நிலையாய் நடைபெறுவதில்லை. நடுவரும் வழக்கறிஞர்களும் குதிரை மீது ஊர் ஊராய்ச் செல்வர். சட்ட நூல்களையும் மாற்றுடைகளையும் சேணப்பையில் கொண்டு செல்வர். செல்லும் ஊரில் சில நாள் தங்கி வழக்குகளை முடிப்பர். நிலத்தகராறு, கடன், உயில், அடிதடி ஆகியவையே பெரும்பாலான வழக்குகள். பர்னி சட்ட அறிவாலும், தெளிந்த பேச்சாலும், நேர்மையாலும் விரைவில் முன்னணிக்கு வந்தார். அரசின் சார்பில் குற்ற வழக்குகளை நடத்தும் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1829ஆம் ஆண்டில் ஊர்மக்கள் அவரை நகரத் தலைவராக்கினர். அலபாமாப் பல்கலைக்கழகத்திற்கு ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்க 1830ஆம் ஆண்டில் அவரையே வடநாட்டிற்கு அனுப்பினர். தம் நிலத்திலிருந்து துரத்தப்படும் நிலையிலிருந்த செரோக்கி என்னும் பழங்குடி மக்களுக்கும் அவர் வழக்கறிஞராய்த் துணை நின்றார்.

மனச்சான்றின் குரல்

வழக்கறிஞரின் மேசைக்கு வரும் தாள்களே அவருக்கு ஆசிரியராயின. தென்னாட்டுச் சட்டத்தில் அடிமை ஒரு பொருள். தந்தை இறந்தால் மக்கள் பங்கிடும் உடைமைகளின் பட்டியலில், ஏர், குதிரை, கட்டில் ஆகியவற்றோடு மனிதரின் பெயரும் விலையும் எழுதப்படும். கடன் கொடுத்தவர் வழக்கில் வென்றால், கடன்பட்டவரின் அடிமைகள் ஏலத்தில் விடப்படுவர். தாய் ஓரிடத்திற்கும் சேய் வேறிடத்திற்கும் போக நேரும். வெள்ளையருக்கு எதிராய் அடிமை சான்று கூறுதற்குச் சட்டம் இடந்தரவில்லை. எனவே, கண்முன் நடந்த கொடுமையும் சான்றின்றி மறையும். இவற்றையெல்லாம் நாள்தோறும் கண்ட பர்னியின் உள்ளத்தில் ஐயம் எழுந்தது. 1826ஆம் ஆண்டில் அவர் சமயப் பற்றுடையவராய்ப் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையில் சேர்ந்தார். அப்பற்று அவ்வையத்தை மேலும் கூர்மையாக்கியது.

முதலில் அவர் சட்டத்தின் வழியிலேயே சிறு திருத்தங்களை நாடினார். விற்பனைக்காக வெளி மாநிலங்களிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருதலைத் தடை செய்யும் சட்டம் ஒன்று அவர் முயற்சியால் 1827ஆம் ஆண்டில் அலபாமாவில் நிறைவேறியது. ஆனால், இரண்டாண்டிற்குள் அது நீக்கப்பட்டது. பின்னர், விடுதலை பெற்ற கறுப்பின மக்களை ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள லைபீரியாவில் குடியேற்றும் கழகத்தில் அவர் ஈடுபட்டார். 1832ஆம் ஆண்டில், வளமாய் நடந்துகொண்டிருந்த தொழிலை விட்டு, அக்கழகத்தின் முகவராகித் தென் மாநிலங்கள் பலவற்றிலும் பேசிவந்தார். அவ்வாண்டில் தியோடர் வெல்டு என்னும் இளைஞர் ஹண்ட்ஸ்வில்லுக்கு வந்து அவரோடு பலகால் உரையாடினார். அவ்வுரையாடல்கள் பர்னியின் சிந்தனையைத் தூண்டின.

ஊர் ஊராய்ப் பேசிய பர்னி, ஓர் உண்மையைக் கண்டுகொண்டார். குடியேற்றக் கழகத்தைப் பாராட்டிய பண்ணையார் பலர் தம் அடிமைகளை விடுவிக்க எண்ணவில்லை. விடுதலை பெற்றுத் தனித்து வாழும் கறுப்பினத்தாரை நாட்டைவிட்டு அகற்றிவிட்டால், எஞ்சிய அடிமைகளை அடக்கி வைத்தல் எளிதாகும் என்பதே அவர்கள் எண்ணம். தாம் நோயைத் தீர்க்கவில்லை, நோயை மறைக்கும் போர்வையை நெய்கின்றோம் என்பதைப் பர்னி உணர்ந்தார். 1833ஆம் ஆண்டின் இறுதியில் டான்வில் திரும்பினார். அடுத்த ஆண்டில், அக்கழகத்திலிருந்து விலகுவதற்கான காரணங்களை விளக்கி வெளிப்படையாய் ஒரு மடல் எழுதினார். அம்மடல் அச்சாகி நாடெங்கும் பரவிற்று.

கடனை அடைத்தல்

எழுதியதோடு அவர் நிற்கவில்லை. அந்த 1834ஆம் ஆண்டிலேயே தம்மிடம் எஞ்சியிருந்த அடிமைகளைச் சட்டப்படி விடுவித்தார். இளமையிலிருந்து உடன் வாழ்ந்த மைக்கேலும் அவர்களுள் ஒருவர். விடுதலைப் பத்திரம் எழுதித் தந்ததோடு கடமை முடிந்தது என்று பர்னி கருதவில்லை. கூலியின்றி ஒருவர் செய்த வேலைக்குரிய பணம், வேலை வாங்கியவரிடம் கடனாகவே நிற்கின்றது. கடன் வழக்குகள் பலவற்றை நடத்திய வழக்கறிஞர் அவர். வாங்கிய கடனுக்கு வட்டியும் உண்டு என்பதை நன்கறிந்தவர். ஆகவே, மைக்கேல் உழைத்த ஆண்டுகளுக்குரிய கூலியைக் கணக்கிட்டு வட்டியோடு கொடுத்தார். அவர் செய்தது தருமமன்று. கடனை அடைத்தலே ஆகும். அவ்வேறுபாட்டை அவர் தெளிவாக அறிந்திருந்தார்.

தந்தையார் 1839ஆம் ஆண்டில் காலமானபோது, அவருடைய பண்ணையில் இருந்த அடிமைகள் இருபத்தொருவர் வழிவழிச் சொத்தாய்ப் பர்னியின் கைக்கு வந்தனர். அவர்கள் அனைவரையும் அவர் விடுவித்தார். அதனால் அவருக்கு நேர்ந்த பொருள் இழப்புப் பெரிது. ஆயினும் அதற்காக அவர் வருந்தவில்லை.

அச்சகமும் ஆறும்

தம் கருத்தைப் பரப்ப டான்வில்லிலேயே ஓர் இதழ் நடத்த 1835ஆம் ஆண்டில் அவர் முனைந்தார். ஊரார் கூட்டம் கூடி எதிர்த்தனர். இதழை அச்சிட இசைந்தவரின் அச்சகத்தையே விலைக்கு வாங்கி, அவர் அச்சிட முடியாதபடி செய்தனர். நண்பர்கள் விலகினர், உறவினர் முகம் திரிந்தனர். பிறந்த ஊரில் இடமின்றிப் போகவே, ஒகையோ ஆற்றைக் கடந்து சின்சினாட்டி நகர்ப் பக்கம் சென்றார். ஆற்றின் தென்கரையாகிய கெண்டக்கியில் அடிமை முறை இருந்தது. வடகரையாகிய ஒகையோ மாநிலத்தில் அதற்கு இடமில்லை. 1836ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவருடைய இதழ் வெளிவரத் தொடங்கியது. மக்களின்பால் அன்புடையவன் என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டார்.

வடகரையிலும் அவருக்கு அமைதி கிட்டவில்லை. சின்சினாட்டி வணிகர்களுக்குத் தென்னாட்டோடு பெருவாணிகம் நடந்தது. பர்னியின் எழுத்தால் வாணிகம் கெடும் என்று அவர்கள் அஞ்சினர். 1836ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 12ஆம் நாள் இரவு ஒரு கும்பல் அச்சகத்துள் புகுந்து பொறியைச் சிதைத்தது. அவரைப் பிடித்துத் தருவோர்க்கு 100 டாலர் பரிசு என்னும் அறிக்கையும் சுவர்களில் ஒட்டப்பட்டது. நகரப் பெருமக்கள் கூடி, இதழை நிறுத்திவிடுமாறு கேட்டனர். இதழைக் காத்தவர்கள் இசையவில்லை. அத்திங்கள் 30ஆம் நாள் கும்பல் மீண்டும் திரண்டது. அச்செழுத்துகளைத் தெருவில் இறைத்தது. பொறியை உடைத்து இழுத்துச் சென்று ஒகையோ ஆற்றில் எறிந்தது. பின்னர்ப் பர்னியைத் தேடி ஒரு விடுதிக்குச் சென்றது. அவ்விடுதியின் வாயிலை மறித்துத் தனியே நின்றார் ஓர் இளம் வழக்கறிஞர். அவர்தாம் சால்மன் சேஸ். பர்னி அப்போது ஊரில் இல்லாமையால் உயிர் பிழைத்தார்.

சேஸ் அதற்கு முன்னர் அடிமை ஒழிப்பு இயக்கத்தைச் சேர்ந்தவரல்லர். கருத்துரிமையை நெரிக்கும் கும்பலின் கொடுமையே அவரை அப்பக்கம் திருப்பியது. அவர் பிற்காலத்தில் நாட்டின் தலைமை நீதிபதியாய் உயர்ந்தார். ஆற்றில் எறியப்பட்ட பொறி ஒன்று. அதனால் எழுந்த தொண்டர் பலர். சில வாரங்களில் இதழ் மீண்டும் வெளிவந்தது.

மட்டில்டாவின் வழக்கு

பர்னியின் வீட்டில் மட்டில்டா என்னும் இளம்பெண் பணிசெய்து வந்தாள். மிசூரி மாநிலத்துப் பண்ணையார் ஒருவரின் அடிமை அவள். நீராவிக் கப்பலில் அவருடன் சென்றபோது, கப்பல் சின்சினாட்டியில் நின்ற வேளையில், தப்பி நகருக்குள் சென்றுவிட்டாள். 1837ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவளைக் கண்டுபிடித்துச் சிறைப்படுத்தினர். சேஸ் அவளுக்காக வாதாடினார். தலைவரே அவளை விடுதலை மண்ணுக்குக் கொண்டுவந்தார். அம்மண்ணை மிதித்த அளவில் அவள் அடிமையல்லள். எனவே, ஓர் அடிமை மாநிலத்திலிருந்து ஓடி வந்தவள் என்று அவளைக் கூறுதல் பொருந்தாது என்பதே அவர் வாதம். நடுவர் அதனை ஏற்கவில்லை. மட்டில்டா தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டு, நியூ ஆர்லியன்சுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கே விற்கப்பட்டாள்.

அவளுக்கு இடந்தந்த குற்றத்திற்காகப் பர்னிமீதும் வழக்குத் தொடரப்பட்டது, தண்டம் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் மாநில உயர்மன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அவள் அடிமை என்பதை அறிந்தே பர்னி இடந்தந்தார் என்று குற்றப்பத்திரிகையில் கூறப்படவில்லை என்பதே அதற்குக் காரணம். பர்னி விடுபட்டார், மட்டில்டாவோ மீளவில்லை. சட்டம் நன்கறிந்தவருக்கு அதன் நுட்பம் துணைசெய்தது. சட்டத்தின் கண்ணில் மனிதராகவே படாதவளுக்கு அது துணைசெய்யவில்லை. சட்டத்தையே மாற்றினாலன்றி இக்கொடுமை தீராது என்பதை இவ்வழக்குப் பலருக்கும் உணர்த்திற்று.

அரசியல் போராட்டம்

1837ஆம் ஆண்டில் பர்னி நியூயார்க்கு நகருக்குச் சென்று, அமெரிக்க அடிமை ஒழிப்புக் கழகத்தின் செயலாளருள் ஒருவரானார். அடுத்த ஆண்டில் மனைவியார் அகத்தா காலமானார். துயரத்தினிடையேயும் பணி நிற்கவில்லை. கழகத்துள் அப்போது இரு கருத்துகள் மோதின. வில்லியம் காரிசன் என்பவர் அரசியலில் ஈடுபடலாகாது என்றார். மக்களின் மனத்தை மாற்றுதலே போதும் என்பது அவர் கொள்கை. வாக்குரிமையைப் பயன்படுத்திச் சட்டமன்றத்தின் வழியாகவே அடிமை முறையை ஒழித்தல் வேண்டும் என்றார் பர்னி. கழகப் பொறுப்புகளில் மகளிர்க்குச் சம இடம் தருதல் பற்றியும் பூசல் எழுந்தது. அதில் பர்னி பழைய கருத்தின் பக்கமே நின்றார். அடிமையின் தளையைக் கண்ட அவர் கண், பெண்டிரின் தளையைக் காணவில்லை. 1840ஆம் ஆண்டில் கழகம் இரண்டாய்ப் பிரிந்தது.

அவ்வாண்டில் விடுதலைக் கட்சி என்னும் புதுக்கட்சி தோன்றியது. நாட்டுத் தலைவர் பதவிக்கு அக்கட்சி பர்னியை வேட்பாளராய் நிறுத்தியது. அவரோ இலண்டனில் கூடிய உலக அடிமை ஒழிப்பு மாநாட்டிற்குச் சென்றிருந்தார். அவருக்குக் கிடைத்த வாக்குகள் ஏறத்தாழ 7,000. ஆனால், 1844ஆம் ஆண்டில் மீண்டும் நின்றபோது, 62,000 வாக்குகள் கிடைத்தன. நான்காண்டில் ஏறத்தாழ ஒன்பது மடங்கு வளர்ச்சி அது.

அத்தேர்தலால் அவர்மீது பெரும்பழி ஒன்றும் விழுந்தது. முதன்மைப் போட்டி என்றி கிளே என்பவருக்கும் ஜேம்ஸ் போக் என்பவருக்கும் இடையே நிகழ்ந்தது. அடிமை முறை நிலவிய டெக்சாசு நாட்டை இணைத்துக்கொள்ளப் போக் விரும்பினார். நியூயார்க்கு மாநிலத்தில் அவர் ஏறத்தாழ 5,100 வாக்கு மிகுதியால் வென்றார். அம்மாநிலமே வெற்றியை முடிவுசெய்தது. அங்குப் பர்னிக்குக் கிடைத்த வாக்குகளோ 15,800. பர்னி போட்டியிடாதிருந்தால் கிளே வென்றிருப்பார் என்று பலரும் தூற்றினர். கிளேயும் அடிமைகளை உடையவரே. இருவருள் ஒருவரைத் தேர்தல் தம் கொள்கைக்கு ஒவ்வாது என்பதே விடுதலைக் கட்சியினரின் கருத்து. எது சரி என்பதில் வரலாற்று அறிஞர்கள் இன்றும் மாறுபடுகின்றனர்.

இறுதி நாட்கள்

1841ஆம் ஆண்டில் எலிசபெத்து பிட்சூ என்னும் அம்மையாரை மணந்த பர்னி, மிச்சிகன் மாநிலத்தின் காட்டுப்பகுதியில் குடியேறினார். 1845ஆம் ஆண்டில் குதிரையிலிருந்து விழுந்தார். அதன்பின் வாத நோய் பற்றியது, நா தழுதழுத்தது. மன்றங்களையும் மாநாடுகளையும் ஈர்த்த குரல் ஓய்ந்தது. எஞ்சிய ஆண்டுகளில் எழுதுகோலே அவருக்குத் துணையாயிற்று.

நாட்டின் போக்கு அவர் உள்ளத்தைப் பெரிதும் வருத்திற்று. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தருமாறு வடமாநிலத்தாரையும் கட்டாயப்படுத்தும் சட்டம் 1850ஆம் ஆண்டில் வந்தது. விடுதலை மாநிலத்திற்குச் சென்று மீண்ட அடிமையின் நிலையை அடிமை மாநிலத்தின் சட்டமே முடிவுசெய்யும் என்று உச்சமன்றம் 1851ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. நீதியின்மீது வைத்த நம்பிக்கை தளர்ந்த பர்னி, 1852ஆம் ஆண்டில் அத்தீர்ப்பைச் சட்ட நோக்கில் கண்டித்து எழுதினார். கறுப்பின மக்கள் லைபீரியாவிற்குச் செல்லுதலே நலமாகும் என்றும் அறிவுரை கூறினார். முன்னர்த் தாமே கைவிட்ட வழியை மீண்டும் சுட்டும் அளவிற்கு அவர் மனம் நொந்திருந்தது. பின்னர் நியூசெர்சி மாநிலத்தில் ஈகில்சுவுட் என்னுமிடத்தில் குடியேறி, 1857ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் உயிர் நீத்தார். கறுப்பினத்தார் குடிமக்களாகார் என்று உச்சமன்றம் துணிந்து கூறிய ஆண்டும் அதுவே.

விதையும் விளைவும்

தாம் தோற்றோம் என்னும் எண்ணத்தோடே பர்னி மறைந்திருத்தல் கூடும். ஆயின் அவர் ஊன்றிய விதை வீண்போகவில்லை. விடுதலைக் கட்சியின் வழியில் 1848ஆம் ஆண்டில் சுதந்திர மண் கட்சியும், 1854ஆம் ஆண்டில் குடியரசுக் கட்சியும் தோன்றின. குடியரசுக் கட்சியின் சார்பில் 1860ஆம் ஆண்டில் ஆபிரகாம் லிங்கன் வென்றார். அடுத்து மூண்ட உள்நாட்டுப் போரில் பர்னியின் மைந்தர் பலர் விடுதலைப் பக்கம் நின்று போரிட்டனர். மைந்தருள் ஒருவராகிய வில்லியம் கறுப்பின வீரர்களைப் படைக்குச் சேர்த்துத் தலைமை தாங்கினார். மற்றொரு மைந்தர் டேவிட் கெட்டிசுபர்க்குப் போரில் பங்குகொண்டு, 1864ஆம் ஆண்டில் நோயுற்று மாண்டார். 1865ஆம் ஆண்டில் அரசியல் சட்டத்தின் பதின்மூன்றாம் திருத்தம் அமெரிக்க நாடெங்கும் அடிமை முறையை ஒழித்தது.

பர்னி குற்றமற்றவராய்ப் பிறந்து, குற்றமற்றவராய் வாழ்ந்தவரல்லர். மனிதரை உடைமையாய்க் கொண்டார், விலைக்கும் விற்றார், சூதாடித் தோற்றார், சிலவற்றை இறுதிவரை காணத் தவறினார். ஆயினும், கண்ட உண்மையை அவர் ஒருபோதும் கண்மூடி மறைக்கவில்லை. ஊரும் உறவும் பொருளும் போவதாயினும், அவ்வுண்மை அழைத்த வழியே நடந்தார். தவறு செய்யாதவர் உலகில் அரியர். தவற்றை உணர்ந்து, அதனால் பிறர்க்கு நேர்ந்த இழப்பையும் எண்ணிப் பார்த்து, அக்கடனை வட்டியோடு தீர்க்க முற்படுபவர் அவரினும் அரியர். மைக்கேலின் கையில் கூலியை எண்ணிக் கொடுத்த நாளில் பர்னி அத்தகையோருள் ஒருவராயினார்.